ஒரு மாதிரியா இருக்கு

கரூரில் வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் எனக்கு மெர்ச்சன்டைசர் வேலை, அதாவது வாங்குபவர் கேட்டபடியே சரக்கு தயாராகிறதா என்று பார்த்துக்கொள்வது. சமையலறைத் துண்டு, மேசை விரிப்பு, ஏப்ரன், சூடான பாத்திரம் இறக்கும் கையுறை, இதெல்லாம்தான் எங்கள் சரக்கு. 2022 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றரை இருக்கும். சாயப்பட்டறையிலிருந்து வந்த நீலத் துணியை, பையர் ஓகே செய்த துணுக்குக்குப் பக்கத்தில் வைத்து, நிறம் ஒப்பிடும் லைட் பாக்ஸுக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷேடு ஒரு பொட்டு தூக்கல். மாதத்துக்கு நாலு முறை நடப்பதுதான். பட்டறைக்காரருக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டால் முடிந்தது.

போனை எடுத்த கை மரத்துப்போயிருந்தது. மாடிப்படி ஏறி ஓடிவந்தவனைப்போல நெஞ்சு அடித்தது. மூச்சு உள்ளே போனது, ஆனால் பற்றவில்லை. சட்டை வியர்வையில் முதுகோடு ஒட்டிக்கொண்டது. செத்துக்கொண்டிருக்கிறேன் என்றே நினைத்தேன். அந்த நேரத்திலும் துணி தரையில் பட்டால் அழுக்காகிவிடும் என்று அதை மடியில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். மெர்ச்சன்டைசர் புத்தி.

பைக்கில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்கள். இசிஜி, எக்கோ, ரத்தப் பரிசோதனை, எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒண்ணும் இல்லைங்க. கேஸ் ட்ரபிளா இருக்கும். காரம், டீ எல்லாம் குறைச்சுக்கங்க" என்று அனுப்பிவைத்தார்கள். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான், இரண்டு நாளைக்கு. அப்புறம்தான் உறைத்தது: ஒன்றும் இல்லை என்றால் அன்றைக்கு வந்தது என்ன?

எட்டு மாதம் கேஸுக்கு வைத்தியம் பார்த்தேன். காலையில் வெறும் வயிற்றில் பான்டோபிரசோல், மதியம் பெருங்காயம் போட்ட மோர், ராத்திரி சீரகத் தண்ணீர். எண்டோஸ்கோப்பி ஒன்றும் எடுத்தார்கள். அதுவும் நார்மல். நடுவில் ஐந்தாறு முறை அதே மாதிரி வந்தது. ஒருமுறை திருச்சி பஸ்ஸில், குளித்தலை தாண்டும்போது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஒரு டீக்கடை பெஞ்சில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அதன்பிறகு பஸ் ஏறுவதை விட்டேன். பிறகு கூட்டமான கல்யாண மண்டபம், முடிவெட்டும் கடை நாற்காலி, லெவல் கிராசிங். எங்கெல்லாம் சட்டென்று எழுந்து போக முடியாதோ அந்த இடமெல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்றது. கடைசியில் வீடு, ஆபீஸ், இரண்டுக்கும் நடுவில் நாலு கிலோமீட்டர். என் உலகம் அவ்வளவுதான்.

என்ன செய்கிறது என்று யார் கேட்டாலும் என்னிடம் இருந்தது ஒரே பதில்: "ஒரு மாதிரியா இருக்கு."

யோசித்துப் பார்த்தால் தமிழில் பயம் வயிற்றில்தான் குடியிருக்கிறது. வயிற்றில் புளியைக் கரைக்கும், அடிவயிறு கலங்கும், ஈரக்குலை நடுங்கும். துக்கம் கொஞ்சம் மேலே ஏறித் தொண்டையை அடைக்கும். இவ்வளவு துல்லியமாக இடம் சொல்லும் மொழியை வைத்துக்கொண்டு, நமக்கு வரும்போது மட்டும் "ஒரு மாதிரி" என்று முடித்துக்கொள்கிறோம். சொன்னாலும் சிக்கல்தான். "நாலு மாசமா அடிவயிறு கலங்கிக்கிட்டே இருக்கு டாக்டர்" என்றால் ஸ்கேன் எடுக்கச் சொல்வார். செய்தித்தாளில் பழகிய சொல் மன அழுத்தம். வேலைப்பளுவுக்கும் அதுதான், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடப்பதற்கும் அதுதான். முதலாவது ஷிப்மென்ட் போனதும் போய்விடும். இரண்டாவதை மனச்சோர்வு என்று தனியாகச் சொல்வார்கள் என்பதே எனக்குப் பிற்பாடு ஒரு மருத்துவமனைச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்தது.

சொல் இல்லாதது பாதி. இருந்த சொல் பயமுறுத்தியது மீதி. 2001 ஆகஸ்ட் 6 அன்று ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநோயாளிகளைத் தங்கவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியில்லாமல் செத்தார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. டிவியில் காட்டிய அந்தச் சங்கிலிகள்தான் மனநோய் என்ற சொல்லுக்கு என் மண்டையில் பதிந்த படம். போதாததற்குக் கீழ்ப்பாக்கம். 1794இல் தொடங்கிய ஒரு மனநல மருத்துவமனை இருக்கும் ஊர்ப்பெயரை நாம் கேலிச்சொல்லாக ஆக்கி வைத்திருக்கிறோம். கல்லூரி விடுதியில் ஒரு பையன் இரண்டு வாரம் யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தபோது, "டேய், கீழ்ப்பாக்கத்துக்கு டிக்கெட் போட்டிரலாமா?" என்று கேட்டவன் நான்தான். அறையே சிரித்தது. அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பு இப்போது அடிக்கடி ஞாபகம் வருகிறது.

2022 மழைக்காலத்தில் படபடப்பு குறைந்தது. தேவலையாகிவிட்டது என்று நினைத்தேன். அது போன இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. விடிகாலை மூன்று மணிக்கு விழிப்பு வரும், பிறகு தூக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை குளிக்காமல் சாயங்காலம் ஆகிவிடும். ஆறு வயது மகன் மடியில் ஏறி என்னவோ சொல்லுவான், உதடு அசைவது தெரியும், விஷயம் ஏறாது. கிரிக்கெட் பார்ப்பதை எப்போது நிறுத்தினேன் என்றே தெரியவில்லை. அழுகை வரவில்லை, சோகம்கூட இல்லை. சாயம் போன துணி மாதிரி இருந்தேன் என்று வேண்டுமானால் சொல்லலாம், தொழில்காரன் உவமை.

அம்மா குணசீலத்துக்குக் கூட்டிப்போனார். முசிறியிலிருந்து திருச்சி போகும் வழியில், காவிரியின் வடகரையில் இருக்கும் பெருமாள் கோயில். மனம் பேதலித்தவர்களை 48 நாள் தங்கவைத்து வேண்டிக்கொள்வது அங்கே வழக்கம். நான் தங்கவில்லை, போய்விட்டு வந்தேன். கோயிலைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சொல்லப்போனால், இந்த மாதிரி ஒரு தொந்தரவு மனிதனுக்கு வரும், வந்தால் கூட்டிக்கொண்டு போக ஓர் இடம் உண்டு என்று வெளிப்படையாக ஒப்புக்கொண்ட முதல் இடம் எனக்கு அதுதான். பிரகாரத்தில் ஓர் அப்பா, இருபது வயது மகளுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தார். சிக்கு எடுக்க அவருக்குத் தெரியவில்லை. ஆனாலும் அவசரப்படாமல் நுனியிலிருந்து எடுத்துக்கொண்டே இருந்தார்.

ஜனவரியில் என் மனைவி, அரசு மருத்துவமனைச் சுவரில் பார்த்ததாக ஓர் எண்ணைப் போட்டோ எடுத்துக்கொண்டு வந்தாள். 14416. டெலி மானஸ், மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம். நாலு நாள் அந்தப் போட்டோவைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஐந்தாம் நாள் ராத்திரி மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து போன் செய்தேன். ஒரு பெண் குரல். "சொல்லுங்க சார்" என்றது.

"ஒரு மாதிரியா இருக்குங்க."

"சரி. எத்தனை நாளா?"

அவ்வளவுதான் கேட்டார். ஒரு வருடத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. எல்லோரும் "ஏன்?" என்றுதான் கேட்டிருந்தார்கள். உனக்கு என்ன குறை, நல்ல வேலை, சொந்த வீடு, ஏன்? ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் கிடையாது. எத்தனை நாள் என்பதற்கு இருந்தது.

இருபது நிமிடம் பேசினோம். மனநல மருத்துவரைப் பாருங்கள், கரூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம், செலவில்லை என்றார். நான் அங்கே போகவில்லை. ஓபி சீட்டு வரிசையில் தெரிந்த முகம் இருந்தால் என்ன செய்வது? அதற்காக எண்பது கிலோமீட்டர் தள்ளித் திருச்சிக்குப் போனேன், அதுவும் பஸ்ஸுக்குப் பயந்து காரில். தில்லைநகரில் எல்லா விதமான டாக்டர்களும் இருக்கிறார்கள். யாராவது பார்த்தால் முட்டிவலி என்று சொல்லிக்கொள்ளலாம். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் உண்மை அதுதான்.

முதலில் பார்த்தது ஓர் ஆலோசகரை, தெரிந்தவர் ஒருவர் சொல்லி. அவர் முக்கால் மணி நேரம் பேசினார். நான் ஐந்து நிமிடம் பேசினேன். பாசிட்டிவாக யோசியுங்கள், ஐந்து மணிக்கு எழுந்து நடங்கள், உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்களை நினைத்துப் பாருங்கள் என்றார். மூன்று மணிக்கே எழுந்துவிடுகிறேன் சார் என்று சொல்ல வாய் வரவில்லை. கவுன்சலர் என்று போர்டு மாட்ட நம் ஊரில் பெரிய தடை எதுவும் இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. மருத்துவ உளவியலாளர் என்றால் எம்ஃபில் அளவிலான படிப்பும், இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவெண்ணும் இருக்க வேண்டும். மனநல மருத்துவர் என்பவர் எம்பிபிஎஸ் முடித்து மேலே படித்த டாக்டர், மருந்து எழுதுவது அவர். போகுமுன் இதைக் கேட்டுக்கொள்வதில் தப்பே இல்லை. பல் டாக்டரிடம் கண்ணைக் காட்ட மாட்டோம் அல்லவா. முதல் ஆள் சரிப்படவில்லை என்பதால் நான் கிட்டத்தட்ட மொத்தமாகக் கைகழுவியிருப்பேன். மனைவி விடவில்லை. "செருப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குறீங்க" என்றாள்.

இரண்டாவதாகப் போன இடத்தில் ஒரு டாக்டரும், அவரோடு ஓர் உளவியலாளர் அம்மாவும். அந்த அம்மா ஒரு தாளைக் கொடுத்தார். ஒன்பது கேள்விகள், கடந்த இரண்டு வாரத்தில் எத்தனை நாள் என்று குறிக்க வேண்டும். தூக்கம், பசி, சோர்வு, ஆர்வமின்மை, எல்லாவற்றுக்கும் கடகடவென்று டிக் போட்டேன். ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் பற்றியது. பேனா நின்றது. பிறகு "சில நாட்கள்" என்பதில் குறித்தேன். அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மேசையில் கவிழ்த்து வைத்தார். குரலை மாற்றாமல், பதறாமல், அந்த எண்ணம் எப்போது வருகிறது, ஏதாவது செய்வதாக யோசித்தீர்களா, இன்றைக்கு எப்படி என்று வரிசையாகக் கேட்டார். வீட்டில் யாருக்குத் தெரியும் என்றார். யாருக்கும் தெரியாது. வெளியே உட்கார்ந்திருந்த என் மனைவியை உள்ளே அழைக்கலாமா என்று என்னிடமே அனுமதி கேட்டார். அன்றைக்கு அவள் அழுததை மட்டும் இங்கே எழுதவில்லை. இப்படி நேராகக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக முளைத்துவிடாது என்று பிறகொரு நாள் அந்த அம்மா சொன்னார். என் அனுபவத்தில், கேட்ட பிறகுதான் அதன் கனம் குறைந்தது.

அடுத்த வாரம் வெள்ளைத்தாள் ஒன்றில் நடுவில் "ஒரு மாதிரி" என்று எழுதி வட்டம் போட்டார். "இதுக்குள்ள என்னென்ன இருக்கு, பிரிச்சுப் பாப்போமா?" என்றார். நூல்கண்டைப் பிரிப்பது மாதிரி ஒரு மணி நேரம் ஆயிற்று. நெஞ்சுத் துடிப்பு ஒன்று. துடிப்பைக் கண்டு வரும் பயம் இன்னொன்று. இது எல்லோருக்கும் தெரிந்துவிடுமோ என்ற கூச்சம். 2020 ஊரடங்கில் ஆர்டரெல்லாம் ரத்தானபோது என் கையால் பதினொரு பேரை வேலையிலிருந்து நிறுத்திய கணக்கு. அது வந்து விழுந்தபோது எனக்கே ஆச்சரியம். இரண்டு வருடம் அதை நான் ஒருதரம்கூட நினைத்ததில்லை என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

படபடப்புக்கு அவர் செய்தது வேறு வேடிக்கை. கூல்டிரிங்க்ஸ் ஸ்ட்ரா ஒன்றைக் கொடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு அதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சு விடச் சொன்னார். பிறகு சுழல் நாற்காலியில் சுற்றவிட்டார். பிறகு கிளினிக் படியில் மேலும் கீழும் ஓடச் சொன்னார். மூன்றாவது மாடி பல் டாக்டரிடம் வந்தவர்கள் எல்லாம் என்னை வேடிக்கை பார்த்தார்கள். நெஞ்சு அடித்தது, தலை சுற்றியது, மூச்சு முட்டியது. அன்றைக்கு லைட் பாக்ஸ் முன்னால் வந்த அத்தனையும் வந்தன. "இப்ப சாகப்போறீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அதே துடிப்புதானே?" அதேதான். உடம்பு அடிக்கும் மணியை ஆபத்து என்று மூளை படித்துக்கொள்கிறது, பயம் இன்னும் வேகமாக மணியை அடிக்கிறது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். ஓடாமல் உட்கார்ந்திருந்தால் இறங்குவதைப் பார்க்கலாம். நான் ஒவ்வொரு முறையும் உச்சியிலேயே எழுந்து ஓடிப்போனதால், ஓடியதால்தான் பிழைத்தேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மார்ச் மாதம் குளித்தலை வரைக்கும் பஸ்ஸில் போய்வந்தேன். ஏப்ரலில் திருச்சி வரைக்கும்.

மருந்து விஷயத்தையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு எழுதியது எஸ்சிடலோபிராம், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் கொடுக்கும் மாத்திரை. இது என் கதை, இதைப் பார்த்து யாரும் கடையில் போய்க் கேட்க வேண்டாம். முதல் பத்து நாள் குமட்டல், பதற்றம் இன்னும் கூடியது. டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருக்காவிட்டால் மூன்றாம் நாளே குப்பையில் போட்டிருப்பேன். மூன்று வாரம் கழிந்து ஒருநாள், சாம்பாரில் முருங்கைக்காய் வாசனை தெரிந்தது. இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னேன். அவ்வளவுதான் மாற்றம், அதைக் கவனித்ததும் மனைவிதான்.

ஐந்தாம் மாதம், எல்லாம் சரியாகிவிட்டது என்று நானாகவே நிறுத்தினேன். ஒரு வாரத்துக்குள் தலையைத் திருப்பினால் மண்டைக்குள் கரண்ட் அடிப்பது மாதிரி ஒரு சொடுக்கு. இரண்டு மாதத்தில் மூன்று மணி விழிப்பும் திரும்பி வந்தது. டாக்டர் திட்டினார். இந்த மாத்திரைக்கு அடிமையாகிவிடுவோம் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், அப்படி ஆக மாட்டோம், ஆனால் திடீரென்று நிறுத்தினால் உடம்பு தடுமாறும், படிப்படியாகத்தான் இறக்க வேண்டும் என்றார். மறுபடி தொடங்கி, ஒரு வருடம் தொடர்ந்து சாப்பிட்டு, அப்புறம் மூன்று மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினோம்.

வீட்டில் சொன்னது தனிக் கதை. அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, ஒரு தடவைக்கு எவ்வளவு வாங்குகிறார்கள் என்றார். எண்ணூறு என்றேன்.

"எண்ணூறு ரூவாயா? பேசறதுக்கா? நானே பேசறனே சாமி, சும்மாவே!"

முப்பத்தாறு வருடத்தில் மாட்ச் ஸ்கோரையும் மின்கட்டணத்தையும் தாண்டி நாங்கள் இருவரும் பேசியதில்லை என்பதை அவரும் அந்த நொடியில் உணர்ந்திருக்க வேண்டும். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் ஒவ்வொரு முறை நான் திருச்சி கிளம்பும்போதும், பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்பார்.

கல்லூரி நண்பர்களின் வாட்ஸாப் குழுவில் எழுதினேன். நாள் முழுக்க எந்தச் சத்தமும் இல்லை. ஒருவன் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டான். ராத்திரி பத்து மணிக்கு மேல் தனித்தனியாக மூன்று பேர் செய்தி அனுப்பினார்கள். மூன்றும் "டேய், இத யார்கிட்டயும் சொல்லாத" என்றே தொடங்கின. ஒருவன் நாலு வருடமாக மாத்திரை சாப்பிடுகிறானாம். பெங்களூருவில் இருக்கும் மத்திய அரசு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, இருபது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது மனச்சோர்வு வந்திருக்கிறது என்றது. எங்கள் கம்பெனியில் 240 பேர். மதியம் சாப்பாட்டு ஷெட்டில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பன்னிரண்டு. எந்தப் பன்னிரண்டு பேர் என்று முகங்களைப் பார்த்தேன். எல்லோரும் சிரித்துப் பேசிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் அப்படித்தான் எட்டு மாதம் சாப்பிட்டேன்.

இப்போதும் முழுக்கப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். போன ஐப்பசியில் ஆபீஸ் லிஃப்டில் ஒருமுறை வந்தது. வாடா என்று நின்றேன். நாலாவது மாடி வருவதற்குள் பாதி இறங்கிவிட்டது.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் நான்கூட இல்லை. "ஒரு மாதிரியா இருக்கு" என்ற வாக்கியத்தை எங்கிருந்து கற்றேன் என்று யோசித்தேன். அம்மாவிடமிருந்துதான். தங்கச்சி கல்யாணமாகிப் போன வருடத்திலிருந்து, பதினைந்து வருடமாக, வாரத்துக்கு இரண்டு முறையாவது அவர் அதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிரஷர் பார்த்தோம், சுகர் பார்த்தோம், சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். "உங்களுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று மூன்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். அதன்பிறகு அவர் சொன்னால் டிவி சத்தத்தைக்கூட யாரும் குறைப்பதில்லை. நானும் குறைத்ததில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை வாசல்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். சுளகு நிறையக் கீரை, பக்கத்தில் குச்சிகள். நான் செய்தித்தாளோடு எதிரில். என்னைப் பார்த்துச் சொன்னாரா, கீரையைப் பார்த்துச் சொன்னாரா தெரியாது.

"என்னமோ காலையிலருந்து ஒரு மாதிரியா இருக்கு."

செய்தித்தாளை மடித்து வைத்தேன். "ஒரு மாதிரின்னா எந்த இடத்துலம்மா? எத்தனை நாளா?"

உருவிக்கொண்டிருந்த கை நின்றது. கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். பிறகு குனிந்து அடுத்த கொத்தை எடுத்துக்கொண்டார்.

"இரு, கீரைய உருவிட்டுச் சொல்றேன்" என்றார்.

நானும் ஒரு கொத்தை எடுத்தேன்.